ஆறு மாத வெயிலிலும் கரையாத பனி

தென்துருவத்தில் செப்டம்பர் கடைசி வாக்கில் உதிக்கும் சூரியன், மார்ச் கடைசி வாக்கில்தான் மறைகிறது. நடுவே அதற்கு அஸ்தமனம் கிடையாது. உச்சிக்கு ஏறி மேற்கே சாயும் சூரியனையே பார்த்துப் பழகிய நமக்கு அந்தச் சூரியன் விநோதமாகத் தெரியும். அது ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. அடிவானத்துக்குச் சற்று மேலே, ஏறக்குறைய ஒரே உயரத்தில், நாள் முழுக்க நம்மைச் சுற்றி வட்டமடித்துக்கொண்டிருக்கும். டிசம்பர் 21, 22 தேதிகளில் அதன் உயரம் 23 டிகிரி சொச்சம். அதற்கு மேல் அது வருவதே இல்லை.

அந்த டிசம்பர் நாட்களைப் பற்றிய ஒரு கணக்கு என்னை நெடுநாள் பிரமிப்பில் வைத்திருக்கிறது. வளிமண்டலத்தின் மேல் விளிம்பில் அளந்தால், 24 மணி நேரத்தில் தென்துருவத்தின் மீது வந்து விழும் சூரிய ஆற்றல், அதே நாளில் நிலநடுக்கோட்டின் மீது விழுவதைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அதிகம். உலகத்திலேயே அன்றைக்கு அதிக வெயில் வாங்கும் இடம் அதுதான். ஆனால் அங்கே டிசம்பர் மாதச் சராசரி வெப்பநிலை மைனஸ் 28 டிகிரி செல்சியஸ். 1957 முதல் அமுண்ட்சென்-ஸ்காட் ஆய்வு நிலையத்தில் அளவெடுத்து வருகிறார்கள். அத்தனை ஆண்டுகளில் பதிவான மிக வெப்பமான நாள் 2011 டிசம்பர் 25. அன்றும் மைனஸ் 12.3 டிகிரிதான்.

வெயிலில் முதலிடம், குளிரிலும் முன்வரிசை. இந்த முடிச்சை அவிழ்க்க அவிழ்க்க, படைத்தவன் இந்தப் பூமியை எத்தனை கணக்கோடு அமைத்திருக்கிறான் என்பது தெரியவரும்.

துருவங்கள் சூரியனுக்கு வெகு தொலைவில் இருப்பதால்தான் குளிர்கின்றன என்று பலரும் நினைக்கிறார்கள். சூரியன் இருப்பது சுமார் 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால். நிலநடுக்கோட்டைவிடத் துருவம் கூடுதலாக விலகியிருப்பது மிஞ்சிப்போனால் 6,400 கிலோமீட்டர். 15 கோடியில் அது எந்த மூலைக்கு? இன்னொன்றும் உண்டு. பூமி சூரியனுக்கு மிக அருகே வருவது ஜனவரி முதல் வாரத்தில். வடதுருவம் நடுக்குளிரிலும் முழு இருட்டிலும் கிடக்கும் சமயம் அது.

தூரம் காரணமில்லை, சாய்வுதான் காரணம். ஒரு கரண்டி மாவைச் சிறிதாக ஊற்றினால் தோசை தடிமனாக வரும்; அதே மாவைக் கல் முழுக்க இழுத்தால் மெலிசாகிவிடும். சூரிய ஒளியும் அப்படித்தான் பங்காகிறது. நேர் மேலிருந்து விழும்போது ஒரு சதுர மீட்டரில் அடங்கும் ஒளி, சரிந்து விழும்போது இரண்டு, மூன்று சதுர மீட்டருக்குப் பரவிவிடுகிறது. மார்ச் மாதச் சம இரவு நாளின் நண்பகலில், 60 டிகிரி அட்சரேகையில் உள்ள ஒரு சதுர மீட்டர் தரைக்குக் கிடைப்பது நிலநடுக்கோட்டுத் தரைக்குக் கிடைப்பதில் சரிபாதி. துருவத்தில் அன்று சூரியன் அடிவானத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது, அதனால் தரைக்குக் கிடைப்பது அநேகமாக ஒன்றுமில்லை. சரிந்து வரும் கதிர் காற்றுக்குள் கடக்க வேண்டிய தூரமும் கூடுதல். தென்துருவத்தின் நடுக்கோடையில்கூட, நேராக இறங்கும் கதிரைப்போல இரண்டரை மடங்கு காற்றை அது துளைத்து வர வேண்டும். வருடம் முழுவதையும் கூட்டிப் பார்த்தால், துருவத்துக்கு வரும் ஆற்றல் நிலநடுக்கோட்டுக்கு வருவதில் பாதிகூட இல்லை.

பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருக்கிறது. இந்தச் சாய்வுதான் துருவங்களை ஆறு மாதம் இருட்டில் தள்ளுகிறது என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அதே சாய்வு அவற்றுக்குச் செய்யும் உபகாரத்தை யாரும் சொல்வதில்லை. அச்சு நிமிர்ந்தே நின்றிருந்தால் துருவங்களில் கோடை என்ற ஒன்றே வந்திருக்காது. சூரியன் என்றென்றும் அடிவானத்தில் உரசிக்கொண்டே சுற்றியிருக்கும். இன்று அங்கே இருக்கும் குளிர், சாய்வினால் தணிந்த குளிர். மறுபக்கம், சாய்வு 54 டிகிரியைத் தாண்டியிருந்தால் துருவங்கள் ஆண்டுக் கணக்கில் நிலநடுக்கோட்டைவிட அதிக வெயில் வாங்கியிருக்கும். யுரேனஸ் கோள் அப்படித்தான் கவிழ்ந்து படுத்தபடி சுற்றுகிறது. நம் பூமியின் சாய்வோ சுமார் 41,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை 22.1 டிகிரிக்கும் 24.5 டிகிரிக்கும் இடையே மெல்ல அசைகிறதே தவிர, அதை மீறுவதில்லை. அதை அப்படிப் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் நிலாவின் ஈர்ப்பு. துருவத்துப் பனிக்கு நிலா காவல் நிற்கிறது என்று அறிந்த நாளில் நான் வெகுநேரம் வேறெதையும் படிக்கவில்லை.

சரி, டிசம்பரில் அத்தனை வெயில் விழுகிறதே, அது எங்கே போகிறது?

வந்த வழியே திரும்பிப் போகிறது. புதிதாக விழுந்த பனி, தன் மேல் படும் ஒளியில் 80 முதல் 90 சதவீதத்தை வானத்துக்கே திருப்பி அனுப்பிவிடுகிறது. திறந்த கடல்நீர் 90 சதவீதத்துக்கும் மேல் உள்ளே வாங்கிக்கொள்ளும்; பனி அதற்கு நேர் எதிர். பனித்துகள் ஒவ்வொன்றும் நிறமற்ற, ஒளி ஊடுருவும் படிகம். கோடிக்கணக்கான படிகங்கள் குவிந்து கிடக்கையில், உள்ளே நுழைந்த ஒளி ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்குத் தாவித் தாவி, எதிலும் தங்காமல் வெளியே வந்துவிடுகிறது. நமக்கு வெள்ளையாகத் தெரிவது அந்தத் தாவல்தான். கெட்டியாகப் படிந்த பனியில் ஒரு குச்சியை ஆழமாகக் குத்தி எடுத்துவிட்டு அந்தத் துளைக்குள் எட்டிப் பார்த்தால், அடியில் இளநீலம் தெரியும். பனி சிவப்பை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டு நீலத்தை விட்டுவிடுகிறது. பனியிலிருந்து எதிரொளிக்கும் வெயில் கண்ணைப் பொசுக்கிவிடும் என்பதால், வடதுருவத்தை ஒட்டி வாழும் இன்யூட் மக்கள் எலும்பிலும் மரத்திலும் மெல்லிய கீறல் மட்டும் வைத்துக் கண்ணாடி செதுக்கிக்கொண்டார்கள். குளிர்ந்த நாட்டில், வெயிலுக்கு அஞ்சிச் செய்த கருவி அது.

இதே பனி இன்னொரு காரியமும் செய்கிறது. நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் வெண்மையாக இருக்கும் அது, கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர்களுக்குக் கரியைப் போன்றது. கரிய பொருள்தான் வெப்பத்தை நன்றாக வெளியே வீசும். பகலில் வந்ததை வாங்க மறுத்த பனி, தன்னிடம் இருக்கும் கொஞ்சநஞ்ச வெப்பத்தையும் அகச்சிவப்புக் கதிராக இரவும் பகலும் விண்வெளிக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. வரும்போது வெள்ளை, போகும்போது கறுப்பு. ஒரே பொருளுக்குள் இப்படி இரண்டு குணங்களை யார் வைத்தார் என்று கேட்டால், படிக அமைப்பையும் நீர் மூலக்கூறின் அதிர்வையும் விஞ்ஞானி காட்டுவார். அவர் காட்டுவது உண்மை. அந்த உண்மையைக் கேட்டபின் என் வியப்பு கூடியிருக்கிறதே ஒழியக் குறையவில்லை.

இனி அந்த நீண்ட இரவு. மார்ச்சில் சூரியன் போனபின், வந்து சேரும் ஆற்றல் பூஜ்யம். வீசி எறிவது மட்டும் நடக்கிறது. நம் ஊரில் இரவில் தரை விடும் வெப்பத்தைக் காற்றிலுள்ள ஈரமும் மேகமும் பிடித்துத் திருப்பித் தருகின்றன. அண்டார்க்டிகாவின் நடுப் பீடபூமியிலோ காற்றில் ஈரம் இருப்பதே அபூர்வம்; மேகமற்ற வானத்திலிருந்து கண்ணாடித் தூள்போல மெல்லிய பனிப் படிகங்கள் உதிரும், அவ்வளவுதான். காற்றும் மெலிது. அந்தக் கண்டத்தின் மீது சராசரியாக 2 கிலோமீட்டர் கனத்துக்குப் பனி ஏறி உட்கார்ந்திருப்பதால், தென்துருவமே கடல் மட்டத்திலிருந்து 2,835 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ரஷ்யர்களின் வாஸ்டாக் நிலையம் 3,488 மீட்டர் உயரத்தில். உயரம் கூடக் கூடக் குளிரும் என்பது ஊட்டிக்கு ஏறியவர்களுக்குத் தெரியும். வாஸ்டாக்கின் உயரம் மட்டுமே 20 டிகிரிக்கு மேல் குறைத்துவிடும். அங்கேதான் 1983 ஜூலை 21-ஆம் தேதி மைனஸ் 89.2 டிகிரி பதிவானது. மனிதர் நிலையம் போட்டு வெப்பமானியில் அளந்த குளிரில் அதை மிஞ்சியது இல்லை.

செயற்கைக்கோள்கள் இன்னும் கீழே கண்டிருக்கின்றன. கிழக்கு அண்டார்க்டிகாவின் முகட்டை ஒட்டி, இரண்டு மூன்று மீட்டர் ஆழமே உள்ள, நடந்து போனால் தெரியக்கூடத் தெரியாத பள்ளங்கள் இருக்கின்றன. குளிர்ந்த காற்று கனமானது. அது சரிவில் மெல்ல வழிந்து, காற்றசைவில்லாத தெளிந்த இரவுகளில் அந்தப் பள்ளங்களில் தேங்கி நிற்கிறது. அங்கே பனியின் மேற்பரப்பு மைனஸ் 98 டிகிரி வரை இறங்குவதாக 2018-இல் வெளியான ஆய்வு சொன்னது.

அந்தக் குளிரில் பழகிய பொருள்கள் எல்லாம் வேறு பொருள்களாகிவிடுகின்றன. நாம் பனி வழுக்கும் என்று அறிந்திருக்கிறோம். மைனஸ் 50-ஐ நெருங்கினால் வழுக்காது. சறுக்குவண்டியின் அடிக்கட்டை உரசும்போது உண்டாகும் மெல்லிய நீர்ப்படலம்தான் வழுக்கலைத் தருகிறது. அந்தக் குளிரில் படலம் உண்டாவதில்லை. வண்டி மணலில் இழுப்பதுபோல் இழுபடும். 1911-இல், நடுக்குளிர்காலத்தின் இருட்டில், எட்வர்ட் வில்சன், ஹென்றி பவர்ஸ், ஆப்ஸ்லி செரி-காரர்ட் என்ற பிரிட்டிஷ் ஆய்வுப் பயணிகள் மூவர் இப்படித்தான் இரண்டு வண்டிகளை க்ரோசியர் முனைக்கு இழுத்துப் போனார்கள். இரண்டையும் சேர்த்து இழுக்க முடியாமல், ஒன்றைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பிவந்து அடுத்ததை இழுத்தார்கள். குளிர் மைனஸ் 60-ஐத் தொட்டது. ஒரு நாள் காலையில் கூடாரத்தை விட்டு வெளியே வந்த செரி-காரர்ட், சுற்றிலும் பார்க்கத் தலையை நிமிர்த்தினார். வியர்வை ஊறியிருந்த உடுப்பு சில விநாடிகளில் பலகையாக உறைந்துவிட்டது. தலையைத் தாழ்த்த முடியவில்லை. நான்கு மணி நேரம் அப்படியே வானத்தைப் பார்த்தபடி வண்டி இழுத்தார். அன்றிலிருந்து மூவரும், உடுப்பு உறைவதற்குள் வண்டி இழுப்பதற்கு வாகாகக் குனிந்து நின்றுகொள்ளப் பழகினார்கள்.

அவர்கள் போனது எம்பரர் பென்குவினின் முட்டைக்காக. அந்தப் பறவை உலகின் மிகக் கொடிய குளிர்காலத்தைத் தேர்ந்தெடுத்து முட்டையிடுகிறது. தாய் முட்டையைத் தந்தையிடம் கைமாற்றிவிட்டுக் கடலுக்குப் போய்விடுகிறது. தந்தை அதைத் தன் பாதங்களின் மேல் ஏந்தி, வயிற்று மடிப்பால் மூடிக்கொண்டு, இரண்டு மாதத்துக்கும் மேலாக ஒன்றும் உண்ணாமல் நிற்கிறது. ஆயிரக்கணக்கில் நெருங்கி நிற்கும் அந்தக் கூட்டத்தின் நடுவே வெப்பம் 30 டிகிரியையும் தாண்டுகிறது. விளிம்பில் நிற்பவற்றின் முதுகில் பனிப்புயல் அடிக்கிறது. ஆனால் எந்தப் பறவையும் விளிம்பிலேயே நின்று மடிவதில்லை. அரை நிமிடத்துக்கோ ஒரு நிமிடத்துக்கோ ஒருமுறை, ஒரு பறவை சில சென்டிமீட்டர் நகர, அந்த அசைவு அலையாகக் கூட்டம் முழுக்கப் பரவுகிறது. இப்படி நகர்ந்து நகர்ந்தே வெளியே நிற்பவை உள்ளே வருகின்றன, உள்ளே இருப்பவை வெளியே வருகின்றன. தலைவன் கிடையாது, கட்டளை கிடையாது. இந்த ஒழுங்கை அவற்றின் நெஞ்சில் எழுதியவனை வணங்காமல் நான் எப்படி இருக்க?

குளிரின் உக்கிரத்தைச் சொல்லிவிட்டு, அதற்கு இடப்பட்ட எல்லையைச் சொல்லாமல் விடக்கூடாது. தென்துருவத்தின் மாதச் சராசரிகளை வரிசையாகப் பார்த்தால் ஓர் ஆச்சரியம் தெரியும். சூரியன் மறைந்ததும் வெப்பநிலை கிடுகிடுவென்று இறங்கி, ஏப்ரலில் மைனஸ் 57-ஐ எட்டிவிடுகிறது. பிறகு? மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட் என்று இருட்டு நீண்டுகொண்டே போகிறது. குளிரோ மைனஸ் 60 அளவிலேயே நின்றுவிடுகிறது. நான்கு மாத இருட்டுக்கு இரண்டு மூன்று டிகிரிதான் கூடுதல். பனி வீசி எறியும் வெப்பத்தை ஈடுகட்ட, வெயில் விழும் நாடுகளிலிருந்து காற்று விடாமல் வெப்பத்தைச் சுமந்து வருகிறது. பசிபிக்கிலும் இந்தியப் பெருங்கடலிலும் காய்ந்த வெயிலின் ஒரு பங்கு, சூரியனே எட்டிப் பார்க்காத இடத்துக்குப் போய்ச் சேருகிறது.

அந்தக் காற்று இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நிலா சாட்சி. சூரியனிலிருந்து அதுவும் நம் தூரத்தில்தான் இருக்கிறது. காற்றும் கடலும் இல்லாத அதன் துருவப் பகுதிகளில், வெயிலே படாத சில பள்ளங்கள் மைனஸ் 240 டிகிரிக்கும் கீழே கிடப்பதை நாசாவின் நிலவுச் சுற்றுக்கலம் 2009-இல் அளந்தது. மைனஸ் 89-ஐயும் மைனஸ் 240-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாம் கொடுமை என்று சொல்லும் அண்டார்க்டிகக் குளிர் எவ்வளவு பெரிய தயவின் எச்சம் என்பது விளங்கும்.

வடதுருவத்துக்கு அந்தத் தயவு இன்னும் தாராளமாகக் கிடைத்திருக்கிறது. அங்கே காலடியில் நிலம் இல்லை. சில மீட்டர் கனப் பனித்தட்டு, அதற்குக் கீழே 4 கிலோமீட்டர் ஆழக் கடல். உப்புநீர் மைனஸ் 1.8 டிகிரியில் உறையும் என்பதால், பனித்தட்டின் அடிப்புறம் அதற்குக் கீழே குளிர முடியாது. கடல் குளிர்காலம் முழுவதும் பனியின் ஊடாக வெப்பத்தைக் கசியவிடுகிறது. அதனால்தான் வடபாதியின் கடுங்குளிர் வடதுருவத்தில் பதிவாவதில்லை. அதற்கு வெகு தெற்கே, சைபீரியாவின் உள்நாட்டுப் பள்ளத்தாக்கில், மக்கள் குடியிருக்கும் வெர்கோயான்ஸ்கில் 1892-இல் மைனஸ் 67.8 டிகிரி பதிவாகியிருக்கிறது. வடதுருவம் அந்த அளவுக்குப் போவதே கிடையாது. கோடையிலும் கடல்தான் கணக்கை நடத்துகிறது. வரும் வெயில் பனியை உருக்குவதிலேயே செலவாகிவிடுவதால், காற்றின் வெப்பம் பூஜ்யத்தைச் சுற்றியே நிற்கிறது. இந்த ஏற்பாடு இப்போது கலைந்து வருவதைச் சொல்லும்போது மனம் கனக்கிறது. பனி விலகிய இடத்தில் கருநீர் தெரிகிறது. அது வெயிலை உறிஞ்சிக்கொள்கிறது, மேலும் பனி கரைகிறது. 1979-க்குப் பிறகு ஆர்க்டிக் வட்டாரம் உலகச் சராசரியைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடாகியிருக்கிறது.

துருவம் என்றாலே பனிதான் என்றும் இல்லை. 1912 பிப்ரவரியில், தென்துருவத்தை முதலில் அடையும் போட்டியில் தோற்று அங்கிருந்து பசியோடு திரும்பிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் ஆய்வுப் பயணி ஸ்காட்டின் குழு, பியர்ட்மோர் பனியாற்றின் ஓரத்தில் நின்று பாறைகளைச் சேகரித்தது. சுமார் 16 கிலோ. நவம்பரில் அவர்களுடைய உடல்கள் கண்டெடுக்கப்பட்டபோது அந்தக் கற்களும் அருகிலேயே இருந்தன. அவற்றில் குளோசாப்டெரிஸ் என்ற மரத்தின் இலைத் தடங்கள் இருந்தன. வங்காளத்து ராணிகஞ்ச் நிலக்கரிச் சுரங்கங்களில் கிடைக்கும் அதே இலை. இந்தியாவும் அண்டார்க்டிகாவும் ஒட்டிக் கிடந்த 25 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட காலத்தில், அந்தத் தெற்கு அட்சரேகைகளில், பல மாத இருட்டைத் தாங்கிக்கொண்டு காடு வளர்ந்திருக்கிறது. சூரியன் அன்றும் சரிந்தே விழுந்தது. சுமார் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன், காற்றில் கரியமில வாயு குறைந்து வந்த காலத்தில்தான் பெரும்பனி பிடித்தது. ஆஸ்திரேலியாவும் தென் அமெரிக்காவும் விலகிப் போனதில் கடல் வழி திறந்து, கண்டத்தைச் சுற்றி ஒரு நீரோட்டம் ஓடத் தொடங்கியது. உலகின் எல்லா ஆறுகளும் சேர்ந்து கொண்டுசெல்லும் நீரைப்போல நூறு மடங்குக்கு மேல் அது சுமக்கிறது. வடக்கேயிருந்து வரும் வெதுவெதுப்பான நீர் எளிதில் கரையைத் தொடாதபடி அது அகழியாக நிற்கிறது.

இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த குளிர் அந்தக் கண்டத்திலேயே தங்கிவிடுவதும் இல்லை. பீடபூமியில் கனத்துத் தேங்கிய காற்று, சரிவு கிடைத்ததும் கடற்கரையை நோக்கிப் பாய்கிறது. 1912-இல் டக்ளஸ் மாசன் குழுவினர் தங்கியிருந்த டெனிசன் முனையில் ஆண்டு முழுவதற்குமான சராசரிக் காற்றே மணிக்கு 70 கிலோமீட்டர் அளவில் இருந்தது. அந்தக் காற்று, கரையோரம் உறையும் பனியை உறைய உறையக் கடலுக்குள் தள்ளிவிடுகிறது. திறந்த நீர் மறுபடி உறைகிறது. உறையும்போது பனி உப்பை வெளியே விட்டுவிடும். மிஞ்சிய நீர் உப்பு ஏறி, குளிர்ந்து, கனத்து, மேலே காற்றிலிருந்து வாங்கிய ஆக்சிஜனோடு கடலடிக்கு இறங்குகிறது. வெட்டெல் கடலிலும் ராஸ் கடலிலும் அடேலி கரையிலும் இது இன்றும் நடந்துகொண்டிருக்கிறது. இறங்கிய நீர் கடல் தரையை ஒட்டி வடக்கே ஊர்ந்து, வழியில் மற்ற நீரோடு கலந்து, பல நூறு ஆண்டுகள் எடுத்துக்கொண்டு இந்தியப் பெருங்கடலின் ஆழத்தை நிரப்புகிறது. அதன் ஒரு கிளை வங்காள விரிகுடாவுக்குள் வருகிறது.

சென்னைக் கரையில் கால் நனைக்கும் நீர் 28, 29 டிகிரி இருக்கும். அதே விரிகுடாவில் 3,000 மீட்டர் ஆழத்தில் வெப்பநிலை 2 டிகிரிக்கும் கீழ். மேற்பரப்பிலிருந்து சில நூறு மீட்டர் இறங்கினால் ஆக்சிஜன் அநேகமாக அற்றுப்போன ஓர் அடுக்கு இருக்கிறது. மீன்கள் அங்கே தாக்குப்பிடிப்பது கடினம். அதையும் தாண்டிக் கீழே போனால் ஆக்சிஜன் மறுபடி கூடுகிறது. அது மேலிருந்து நம் காற்று கொடுத்ததாக இருக்க முடியாது, நடுவே அந்த அடுக்கு தடுத்து நிற்கிறது. பல நூறு ஆண்டுகளுக்கு முன் தெற்கே, வெயில் சரிந்து விழும் அந்தக் கரைகளில் மூழ்கிய நீர் கொண்டுவந்தது அது.